மல்லாந்து படுத்த டைனோசர்

குடும்ப வாழ்க்கையைக் கண்டுபிடித்தவன் மனிதன் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அந்த எண்ணத்தை உடனடியாகக் கைவிட வேண்டும். கண்டுபிடித்தது டைனோசர். அதிலும் இலை தழை மட்டும் தின்று, யாருக்கும் தீங்கு நினைக்காமல் வாழ்ந்த டைனோசர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த மகத்தான கண்டுபிடிப்பை ஜவ்வாது மலைக்கு எடுத்துச் சென்ற பெருமை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டில், எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. அந்த அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராக இருந்தேன் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒடுகத்தூர் கடைத்தெருவில், ஒரு வேர்க்கடலை மண்டியின் மாடியில், 'மலைப்பகுதி இயற்கை விழிப்புணர்வுத் திட்ட அலுவலகம்' இயங்கி வந்தது. இயங்கியது என்றால், மின்விசிறி இயங்கியது. மலையில் இயற்கை இருக்கிறது; ஆனால் மலையில் வாழ்கிறவர்களுக்கு அது தெரியாது; எனவே கீழேயிருந்து யாராவது போய்ச் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் உயரிய நோக்கம்.

எங்கள் திட்ட அலுவலர் ரங்கசாமி ஒருநாள் வேலூருக்குப் பல் பிடுங்கிக்கொள்ளப் போனார். பல் மருத்துவர் வீட்டு வராந்தாவில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடந்தது. திரும்பி வரும்போது அவர் வாயில் ஒரு பல் குறைந்திருந்தது. பையில் அந்தப் பத்திரிகையின் நடுப்பக்கம் கூடியிருந்தது.

"இதப் பாருங்க" என்று வீங்கிய கன்னத்துடன் என் மேஜையில் அதை விரித்தார். "அமெரிக்காவுல ஒரு மலைச்சரிவுல டைனோசர் கூடு கிடைச்சிருக்கு. கூட்டுல குட்டிகள். தாய் இரை கொண்டுவந்து ஊட்டியிருக்கு. கூட்டமா நடந்திருக்கு. குட்டிங்க நடுவுல, பெரிசுங்க சுத்தி. என்ன ஒரு பாசம், பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"நம்ம மலைச்சரிவுல என்ன இருக்கு?"

"ஆடு இருக்கு சார்."

"அதுதான்யா பிரச்சினை" என்றார்.

அன்று மாலையே சுற்றறிக்கை தயாரானது. 'சாந்த குணத் தாவர உண்ணிகளின் சமூக வாழ்வு: மலைமக்கள் பின்பற்ற வேண்டிய நெறிகள்.' கூடி வாழ வேண்டும், குட்டிகளை நடுவில் விட வேண்டும், யாரையும் கடிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. ரங்கசாமியின் குடும்பம் சென்னை மாம்பலத்தில் இருந்தது. மனைவியிடமிருந்து வரும் இன்லண்டுக் கடிதங்கள் பிரிக்கப்படாமல் மைக்கூட்டின் அடியில் கிடக்கும். குடும்பப் பாசம் பற்றிய சுற்றறிக்கை எழுதும் பணி அவ்வளவு கடுமையாக இருந்தது.

நெறிகளைப் போதிக்க ஜீப்பில் மலையேறினோம். மலையில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரில், ஒரு வீட்டுக்கு உழவு என்றால் ஊரே ஏர் பூட்டிக்கொண்டு நின்றது. ஒரு வீட்டில் சாமை குத்தினால் நாலு வீட்டு உலக்கை அங்கே இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கூடி வாழும் முறையைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. ரங்கசாமி படத்தைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பேச்சு முடிந்ததும் செல்லியம்மாள் என்ற பெண் எழுந்தாள். நன்றாக வளர்ந்த ஆடுகள் அவளுக்கு இருந்தன. அவற்றில் இரண்டு அந்த வாரம்தான் குட்டி போட்டிருந்தன. குட்டிகள் அவள் இடுப்பில் இருந்த கூடையில் தூங்கிக்கொண்டிருந்தன.

"அதுங்க இப்ப எங்க கீது சார்?"

"எல்லாம் செத்துப் போச்சும்மா."

"அடப் பாவமே. இத்தினி ஒத்துமையா இருந்ததுங்களா செத்துப் போச்சு? இன்னா சீக்கு?"

"அது இன்னும் தெரியலை. விஞ்ஞானிகள் ஆராய்ந்துகிட்டு இருக்காங்க."

"தெரிஞ்சா சொல்லுங்க சார். ஆடு வச்சிருக்கோம், பரவுற சீக்கா இருந்தா கஷ்டம்."

நான் அதைக் குறித்துக்கொண்டேன். பொதுமக்களின் கேள்விக்குப் பதில் அளிப்பது எங்கள் கடமை.

வாயால் சொன்னது போதாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று ரங்கசாமி முடிவு செய்தார். அடிவாரச் சரிவில், பேருந்தில் போகிறவர்களுக்கும் தெரியும்படி, ஒரு மாபெரும் டைனோசர் சிலை. சென்னையிலிருந்து இயக்குநரே வெள்ளிக்கிழமை வந்து திறந்துவைப்பார். சரிவைச் சுற்றிக் கம்பிவலை வேலி எழுந்தது; உள்ளே, வேலியை ஒட்டி, அத்துமீறும் கால்நடைகளை அடைக்க ஒரு பட்டியும் எழுந்தது. செல்லியம்மாளின் கணவன் சடையனைத் தினக்கூலிக் காவலனாக நியமித்தோம். "விழா நல்லபடியா முடிஞ்சா உன்னை நிரந்தரம் ஆக்கிடறேன்" என்றார் ரங்கசாமி. சடையன் அரைஞாணில் பட்டிச் சாவியைக் கட்டிக்கொண்டு, அன்று முதல் நிமிர்ந்து நடந்தான்.

வேலி புதிது. ஆடுகளுக்கு அறிவிப்பு அனுப்பத் தவறிவிட்டோம். செல்லியம்மாளின் ஆடுகள் திங்கட்கிழமை காலை, குட்டிகளை வீட்டில் விட்டுவிட்டு, வழக்கம்போல் இறங்கி வந்து, மூலையில் இருந்த சந்து வழியாக நுழைந்து, திட்ட வளாகத்தின் இலைகளைத் தின்றன. தாவர உண்ணிகளுக்கான வளாகத்தில் இலை தின்றது கடுமையான அத்துமீறல். எல்லா ஆடுகளும் கைது செய்யப்பட்டுப் பட்டியில் அடைக்கப்பட்டன. பூட்டியவன் சடையன். அவன் அலுவலக விசுவாசம் போற்றத்தக்கது.

மதியம் செல்லியம்மாள் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். கூடைக்குள் குட்டிகள் கத்தின. பட்டிக்குள் தாய்கள் கத்தின. ரங்கசாமி மர நிழலில் நாற்காலி போட்டு எனக்குக் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க. தாய் டைனோசர் தன் குட்டிகளை விட்டு ஒரு கணமும் பிரிந்ததில்லை."

"சார்" என்றாள் செல்லியம்மாள். "காலைலருந்து பால் குடிக்கல. கதவைத் தொறந்தா ஒரு தபா குடிச்சுட்டு வந்துடும். தாயை அப்புறம் நீங்களே வச்சுக்குங்க."

"குட்டி உள்ளே நுழைஞ்சா அதுவும் அத்துமீறல்தாம்மா. அதையும் பிடிக்க வேண்டியதாயிடும். உன் நன்மைக்குத்தான் சொல்றேன். எழுதுங்க. பிரிந்ததில்லை."

"எழுதிட்டேன் சார்."

அவள் ஒரு குட்டியைத் தூக்கிக் கம்பிவலையோடு சேர்த்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் தாய் ஓடிவந்து மடியைக் கொண்டுவந்து காட்டியது. வலையின் கண்கள் சிறியவை. குட்டியின் நாக்கு போனது, வாய் போகவில்லை. அரசாங்க வேலியின் தரம் அப்படி.

"யோவ்" என்று அவள் கணவனைப் பார்த்தாள். "சாவி இடுப்புல தொங்குது. மனுசன் எங்க போய்ட்டான்?"

"இன்னாமே பண்ணச் சொல்ற? வேலை போயிடும்."

"போவட்டும். வேலை இல்லாமத்தான உன்னைக் கட்டிக்கினேன். அப்ப இன்னா கொறஞ்சு போச்சு?"

"நிரந்தரம் பண்றேன்னு சொல்லிக்கிறாரு."

"இந்தக் குட்டிங்க நிரந்தரமா போய்ட்டா?"

சடையன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் ரங்கசாமி கண்ணயர்ந்த நேரத்தில், தன் எவர்சில்வர் டம்ளரில் ஆட்டைக் கறந்து, வேலிக்கு மேலாக நீட்டினான். அவள் அதை வாங்கித் துணியை நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தாள். வாங்கும்போது அவன் விரலை நறுக்கென்று கிள்ளினாள்.

"இது எதுக்கு?"

"காலைல பூட்டுனதுக்கு."

மறுநாளும் டம்ளர் வந்தது. அதற்கு மறுநாளும். கிள்ளல் நாளுக்கு நாள் குறைந்து, வியாழக்கிழமை வெறுமனே விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளாகத்திலிருந்து அரசு வசமுள்ள பால் சட்டவிரோதமாக வெளியேறுவதை நான் கவனிக்கவில்லை. நான்கு நாளும் மிகவும் கவனமாக, கவனிக்கவில்லை. ஆனால் டம்ளர் பால் எத்தனை நாள் தாங்கும்? குட்டிகளின் கத்தல் சன்னமாகிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் சிலை எழுந்தது. எழுந்தது என்பது மரபுச் சொல். உண்மையில் படுத்தது.

சிமென்டுக்குப் பெர்மிட் வரவில்லை. எனவே இப்போதைக்கு மண்ணில் செய்து, பெர்மிட் வந்தபின் மேலே பூசிக்கொள்வது என்று தீர்மானித்தோம். மண்ணில் பெரிய உருவம் செய்யக்கூடியவர் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான்: சந்தவாசல் கோபால்சாமி. திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் படுகளத்துக்குத் துரியோதனனைச் செய்கிறவர். படுகளம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊருக்கு வெளியே துரியோதனனை மண்ணில் மல்லாந்த வாக்கில் மாபெரும் உருவமாகக் கிடத்துவார்கள். கூத்துக்கார பீமன் வந்து தொடையில் ஓங்கி அடிப்பான். உள்ளே புதைத்த பானை உடைந்து செந்நீர் ஓடும். உடனே கூட்டம் கோவிந்தா போட்டுப் பாய்ந்து, ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அந்த மண் கிடக்கிற குதிரில் தானியம் குறையாது என்பது நம்பிக்கை.

கோபால்சாமி படத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். புதன்கிழமை ரங்கசாமி பார்வையிட வந்தார்.

"ஏன்யா மல்லாந்து படுத்திருக்கு?"

"நிக்க வச்சா கழுத்து வுழுந்துடும் சார். எங்க அப்பா காலத்துலருந்து படுக்க வச்சுத்தான் செய்றது."

"டைனோசர் மல்லாந்து படுக்குமா?" என்று ரங்கசாமி என்னைக் கேட்டார்.

"வயிறு நிறைய இலை தின்ற பிறகு படுத்திருக்கலாம் சார்."

"ஓய்வு நிலை" என்று அவர் முகம் தெளிந்தது. "ஓய்வெடுக்கும் தாவர உண்ணி. பலகையில போடுங்க. அது சரி, மீசை எதுக்கு?"

"ராஜாவாச்சே சார்" என்றார் கோபால்சாமி. "மீசை இல்லாம மொகம் எடுபடாது."

"ராஜா இல்லைய்யா. பல்லி."

"பெரிய பல்லி சார்."

நெடிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு மீசையை மெலிதாக்கிக்கொள்ள இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வியாழக்கிழமை மாலை கோபால்சாமி தொடையில் ஒரு பானையைப் புதைப்பதைப் பார்த்தேன். அது அவர் துறை. ஒரு துறையின் வேலையில் இன்னொரு துறை தலையிடுவது நடைமுறை அல்ல.

விருந்து ஏற்பாடும் மும்முரமாக நடந்தது. இயக்குநருக்குப் பிரியாணி என்றால் உயிர். பட்டியில் ஆடுகள் சும்மா நிற்கின்றன. இரண்டையும் ஒரே கோப்பில் இணைத்த ரங்கசாமியின் நிர்வாகத் திறமையை என்னவென்று சொல்வது. "சாந்த குணத் தாவர உண்ணிகள் விழாவுல வெளியிலருந்து கறி வாங்கறது அநாவசியச் செலவு" என்றார். வெள்ளிக்கிழமை காலை ஆம்பூரிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஜப்பார் தேக்சா அண்டாக்களுடன் வந்து இறங்கினார். பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஆடு யாருது சார்?"

"அரசாங்கத்துது."

வேலி ஓரத்தில் கூடையுடன் நின்ற செல்லியம்மாளை ஜப்பார் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பட்டிக்குள் மடி கனத்து நின்ற ஆடுகளைப் பார்த்தார்.

"சொந்தக்காரங்க வாயால அறுன்னு சொல்லணும் சார். இல்லன்னா அறுக்க மாட்டேன். திருட்டு ஆட்டுல கத்தி வச்சா சோறு தொண்டையில எறங்காது."

"அரசாங்கம் சொல்லுதுய்யா."

"அரசாங்கத்த வரச் சொல்லுங்க. வந்து வாயால சொல்லட்டும்."

"இயக்குநர் வந்ததும் சொல்லுவார். விழா முடிஞ்ச கையோட அறுக்கணும். நீ அரிசியை ஊற வை."

ஜப்பார் அரிசியை ஊற வைத்தார். சடையனின் முகம் சாம்பலாகிவிட்டது. வாசலிலிருந்து பட்டிக்கும், பட்டியிலிருந்து வாசலுக்கும் நடந்தான். சாவி மட்டும் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

தண்டோரா போட்டிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. தண்டோராக்காரர் சுற்றறிக்கையைச் சுருக்கி, "அடிவாரத்துல பெரிய ராட்சசனைப் படுக்க வச்சிருக்கு, எல்லாரும் வரணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் ஜனங்கள் குளித்து, பொட்டு வைத்து, மடியில் மஞ்சள் துணியுடன் வந்தார்கள். அரசு விழாவுக்கு இவ்வளவு பக்தியுடன் ஒரு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

இயக்குநர் வந்தார். ரிப்பன் வெட்டுவது பழைய பாணி என்பதால், 'ஓய்வெடுக்கும் தாவர உண்ணி' என்ற பெயர்ப் பலகையின் காலை அவர் மரச் சுத்தியால் தரையில் அறைந்து இறக்குவதாக ஏற்பாடு. பலகையைத் தொடையை ஒட்டி நட்டிருந்தோம். முதல் அடி பலகையில் விழுந்தது. புகைப்படக்காரர் "சார், இந்தப் பக்கம்" என்றார். இயக்குநர் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவது அடியை ஓங்கினார்.

அது தொடையில் விழுந்தது.

பானை உடையும் சத்தம் தெளிவாகக் கேட்டது. டைனோசரின் தொடையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் பொங்கி இயக்குநரின் வெள்ளைக் கால்சட்டையில் பாய்ந்தது. பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர் "கோவிந்தா" என்றார். சரிவே திருப்பிச் சொன்னது.

அடுத்த காட்சியை நான் அலுவலக மொழியில்தான் சொல்ல முடியும்: பொதுமக்கள் திட்டத்தில் பெருமளவில் 'பங்கெடுத்தனர்'. ஆளுக்கு ஒரு பங்கு. வால் முதலில் போனது. பிறகு வயிறு. மீசைக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். கோபால்சாமி ஓரமாக நின்று, வேலை நல்லபடியாக முடிந்த திருப்தியில், வெற்றிலை போட்டுக்கொண்டார். கூட்டத்தின் நெரிசலில் கம்பிவலை வேலி ஒரு பக்கம் சாய்ந்தது.

பட்டி சாயவில்லை. பட்டியின் கதவு திறந்தது. பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சடையன் இடுப்பில் எதுவும் தொங்கவில்லை.

ஆடுகள் பாய்ந்து வந்தன. செல்லியம்மாள் கூடையைக் கவிழ்த்தாள். குட்டிகள் தள்ளாடிப் போய் மடியில் முட்டின. அந்தக் கத்தல் நின்ற பிறகுதான், அது என் காதில் ஐந்து நாளாக ஒலித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"பிடிங்க" என்று ரங்கசாமி கத்தினார். "விருந்து ஓடுது, பிடிங்க."

பிடிக்க யாராலும் முடியவில்லை. மலை ஊர்ப் பெண்கள் ஒரு கையில் மண்ணுடன் வந்து ஆடுகளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர்களைச் சுற்றி ஆண்கள். குட்டிகள் நடுவில், தாய் ஆடுகள் அடுத்து, பெரியவர்கள் வெளியே. அந்த வட்டம் அப்படியே கலையாமல், அவசரப்படாமல், சரிவில் மேலே ஏறத் தொடங்கியது. வட்டத்தின் கடைசியில் சடையன் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான், கீழே ஒரு கண்ணை வைத்தபடி.

இயக்குநர் சிவப்புக் கால்சட்டையுடன் விழா மேடைமேல் ஏறி நின்று பார்த்தார். பிறகு கைதட்டினார்.

"பிரமாதம் ரங்கசாமி. இந்தச் செயல்விளக்கம் நிகழ்ச்சி நிரல்ல இல்லையே? அப்படியே நீங்க அனுப்பின அந்தப் படத்துல உள்ள மாதிரியே கூட்டமா போறாங்க. எத்தனை நாள் பயிற்சி குடுத்தீங்க?"

ரங்கசாமி ஓடுகிற விருந்தைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். "தொடர்ந்து குடுத்தோம் சார்" என்றார்.

"போற ஆட்டை யாரும் நிறுத்தாதீங்க. முழுசா பார்க்கணும்."

கைதட்டுகிற இயக்குநரிடம் போய் அறுக்கச் சொல்லுங்கள் என்று கேட்பது எப்படி? ஜப்பார் அதைப் புரிந்துகொண்டு, ஊறிய அரிசியை கறியில்லாத வெறும் குஸ்காவாகத் தம் போட்டு இறக்கினார். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். சென்னையிலிருந்து வந்த விருந்தினர் அனைவரும் அன்று ஒரு வேளையாவது சாந்த குணத் தாவர உண்ணிகளாக வாழ்ந்தார்கள். திட்டத்தின் முழு வெற்றி என்று இதைத்தான் நான் குறிப்பிடுவேன்.

வெற்றிக்குப் பரிசு இல்லாமல் போகுமா? ஒரு மாதத்தில் ஆணை வந்தது. அந்த அருமையான ஆடுகளை இயக்குநரால் மறக்க முடியவில்லையாம். அவற்றுக்கென்றே 'மலை ஆடுகள் பாதுகாப்பு அலுவலகம்' திறக்கப்படுகிறது; தலைமை ரங்கசாமி. மாம்பலம் இன்னும் கொஞ்சம் தூரமானது. நற்செய்தியைப் பயனாளிக்குத் தெரிவிக்க நான் மலையேறினேன்.

செல்லியம்மாள் வீட்டு வாசலில் சடையன் ஏரைச் செதுக்கிக்கொண்டிருந்தான். வேலை போனதில் ஆள் ஒரு சுற்று பெருத்திருந்தான். குட்டிகள் அவன் முதுகில் ஏறி விளையாடின. ஆணையைப் படித்துக் காட்டினேன்.

"பாதுகாக்கிறதுன்னா இன்னா சார் பண்ணுவீங்க?" என்றாள் செல்லியம்மாள்.

"முதல்ல வேலி போடுவோம்."

"சரி."

"கணக்கெடுப்போம். பட்டி கட்டுவோம். காவலர் நியமிப்போம். அப்பப்போ சென்னையிலருந்து பெரியவங்க வந்து பார்வையிடுவாங்க."

"பார்வையிட்டுட்டு சாப்ட்டுப் போவாங்களா?"

"அது நடைமுறைதானேம்மா."

அவள் சடையனைப் பார்த்தாள். சடையன் உளியைக் கீழே வைத்தான். எனக்குச் சாமைக் கஞ்சி கொடுத்து, பேருந்துக்கு நேரமாகிறது என்று அன்போடு அனுப்பிவைத்தார்கள்.

பிறகு வேலி போடப் போனபோது அந்த ஊரில் ஓர் ஆடுகூட இல்லை. மலையின் அந்தப் பக்கம், திருப்பத்தூர்ச் சரிவில் இருக்கும் செல்லியம்மாளின் தாய்வீட்டு ஊருக்கு எல்லாமே கூட்டமாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். குட்டிகள் நடுவிலாம். நாங்கள் மனம் தளரவில்லை. வேலி போட்டோம். பட்டி கட்டினோம். காவலர்கள் காவல் காக்கிறார்கள். ஆடுகளற்ற அந்த மலைச்சரிவில் ஆடுகள் பாதுகாப்பு அலுவலகம் இன்றுவரை ஒரு குறையுமின்றி நடக்கிறது.

ஒரு கடமை மட்டும் பாக்கி இருந்தது. இத்தனை ஒற்றுமையாக வாழ்ந்த அந்தப் பெரிய பல்லிகளுக்கு இன்னா சீக்கு என்று செல்லியம்மாள் கேட்டிருந்தாள். விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அவர்கள் சிரமப்பட வேண்டாம். சீக்கு எதுவும் இல்லை. அவற்றைப் பாதுகாக்க யாரோ ஓர் அலுவலகம் திறந்திருப்பார்கள்.